நாய்க்குட்டியும் நாலு எழுத்தும்

உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா? பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கிறார்களா? தெருமுனையில் நாய் படுத்திருக்கிறதா?

அப்படியானால் உங்கள் குழந்தைக்கு ஒரு பாடப் புத்தகம் வாசலிலேயே இருக்கிறது. அதற்கு விலை கிடையாது.

மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தையைக் கவனித்துப் பாருங்கள். நாயைக் கண்டால் நிற்கும். பூனையின் பின்னால் போகும். ஆட்டுக்குட்டியைக் கண்டால் தொடப் பார்க்கும். கேள்வி மேல் கேள்வி கேட்கும். "அது ஏன் வாலை ஆட்டுது?" "அதுக்குப் பல் இருக்கா?" "அதோட அம்மா எங்கே?"

இந்தக் கேள்விகளுக்கு நாம் பெரும்பாலும் என்ன சொல்கிறோம்? "சும்மா இரு. வேலை இருக்கு." அங்கேயே பாடம் நின்றுவிடுகிறது. நிற்காமல் கொண்டுபோவது எப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அடுகோடித் தாய்மாரின் கவலை

பெங்களூரில் அடுகோடி தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. கூடவே கன்னடம், தெலுங்கு, உருது பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அம்மா கோரமங்களா பக்கம் வீட்டு வேலைக்குப் போவார். அப்பா கட்டட வேலைக்கோ ஆட்டோ ஓட்டவோ போவார். குழந்தை அங்கன்வாடிக்குப் போகும். அங்கே கன்னடம் பேசுவார்கள். வீட்டில் தமிழ்.

எழுத்தறிவு வகுப்புக்கு வரும் தாய்மார் ஒரே மாதிரி கேட்பார்கள். "நானே இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். எனக்குக் கன்னடம் எழுதத் தெரியாது. நான் என் பிள்ளைக்கு என்ன சொல்லித் தர முடியும்?"

நிறையச் சொல்லித் தர முடியும். சின்னக் குழந்தைக்கு முதலில் வேண்டியது எழுத்து இல்லை. பேச்சு வேண்டும். பார்க்கப் பழக வேண்டும். எண்ணப் பழக வேண்டும். காரணம் சொல்லப் பழக வேண்டும். இவை எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. எழுத்து அதன் பின்னால் வரும்.

இந்த வயதில் நாம் கற்பதா என்று வெட்கப்படவும் வேண்டாம். அடுகோடியிலேயே அதற்கு ஒரு சாட்சி உண்டு. ஓசூர் சாலையில் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டல வளாகம் இருக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1923-ஆம் ஆண்டு தொடங்கிய நிலையம் இது. 1955-இல் அதன் தலைமையிடம் ஹரியானாவில் உள்ள கர்னாலுக்குப் போனது. அடுகோடி வளாகம் இங்கேயே தொடர்ந்தது.

1927-ஆம் ஆண்டு காந்தியடிகள் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்தார். அப்போது இந்தப் பால் பண்ணைக்கு வந்தார். மாடு வளர்ப்பது எப்படி, பாலைக் கெடாமல் காப்பது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். வருகைப் பதிவேட்டில் தம்மைச் சபர்மதியைச் சேர்ந்த விவசாயி என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 57. நாடே அறிந்த தலைவர் அவர். அவரும் மாட்டைப் பற்றி மாணவரைப் போலக் கேட்டுக் கற்றார். நமக்கு என்ன வெட்கம்?

முதல் விளையாட்டு: பார்த்துச் சொல்

இதற்கு ஒன்றும் தேவையில்லை. பத்து நிமிடம் போதும். மாலையில் வாசற்படியில் குழந்தையோடு உட்காருங்கள். எதிரே ஒரு நாய் படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படிப் போகலாம்.

"அம்மா, நாய் தூங்குது."

"எப்படிக் கண்ணு உனக்குத் தெரியும்?"

"கண்ணை மூடி இருக்கு."

"காது என்ன செய்யுது பாரு."

"ஆடுது. ஈ வந்து உக்காருது."

"அப்போ நல்லாத் தூங்குதா, சும்மா படுத்திருக்கா?"

"சும்மா படுத்திருக்கு!"

இங்கே குழந்தை என்ன செய்தது? பார்த்தது. பார்த்ததைச் சொன்னது. பிறகு காரணத்தோடு ஒரு முடிவுக்கு வந்தது. அம்மா விடையைச் சொல்லிவிடவில்லை. கேள்விதான் கேட்டார்.

இன்னும் என்ன கேட்கலாம்?

என்ன நிறம்? எத்தனை கால்? உடம்பில் என்ன இருக்கிறது, மயிரா, இறகா, செதிலா? என்ன சாப்பிடும்? எங்கே தூங்கும்? குட்டி போடுமா, முட்டை இடுமா?

கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். இது குழந்தைக்கு மிகவும் பிடிக்கும். நாயின் கண்ணில் நடுவே உள்ள கருமணி வட்டமாக இருக்கும். பூனையின் கருமணி வெயிலில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போல் ஒடுங்கும். இருட்டில் அதுவே வட்டமாக விரியும். ஆட்டின் கருமணி குறுக்காகப் படுத்த கோடு போல் இருக்கும். மீனுக்குக் கண் இமையே இல்லை. அது கண்ணைத் திறந்தபடியேதான் ஓய்வெடுக்கும்.

வாயையும் பார்க்கலாம். ஆடும் மாடும் இரை மீட்கும்போது தாடை பக்கவாட்டில் அசையும். மேல் வாயின் முன்பக்கம் அவற்றுக்குப் பல் கிடையாது. கெட்டியான ஈறுதான் உண்டு. நாய் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணிக்க அதனால் முடியாது. அதனால்தான் அப்படிச் செய்கிறது.

உங்களுக்கு விடை தெரியாத கேள்வியும் வரும். அப்போது, "எனக்குத் தெரியாது. நாளைக்கு இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். தெரியாததைத் தேடலாம் என்பதும் குழந்தைக்கு ஒரு பாடம்தான்.

இரண்டாவது விளையாட்டு: கால் தடம்

எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் மனிதர்கள் கால் தடத்தைப் படித்தார்கள். தடத்தைப் பார்த்து, எது போனது, எந்தப் பக்கம் போனது என்று சொன்னார்கள். இதுவும் ஒரு வகைப் படிப்பு.

மழை பெய்த மறுநாள் ஈர மண்ணைப் பாருங்கள். சந்தில் மண்ணே இல்லையா? சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்து வையுங்கள். ஈரக் காலோடு நடந்தால் தடம் விழும்.

கோழியின் தடத்தில் முன்னால் மூன்று விரல், பின்னால் ஒரு விரல்.

நாயின் தடத்தில் நான்கு விரல். விரலுக்கு முன்னால் நகக் குறி இருக்கும்.

பூனைக்கும் நான்கு விரல். ஆனால் நகக் குறி இருக்காது. பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆடு, மாடு இரண்டுக்கும் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். குதிரைக்குக் குளம்பு ஒன்றுதான்.

பிறகு குழந்தையின் காலையும் பதிக்கச் சொல்லுங்கள். எத்தனை விரல்? எண்ணச் சொல்லுங்கள். கோலமாவால் தரையில் ஒரு தடம் வரையுங்கள். "இது யார் வீட்டுக் கால்?" என்று கேளுங்கள். பிறகு குழந்தை வரையட்டும், நீங்கள் சொல்லுங்கள். கோலமாவைப் பிடித்து இழுக்கும் விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகிறது.

மூன்றாவது விளையாட்டு: 21 நாள் கணக்கு

பக்கத்தில் யார் வீட்டிலாவது கோழி அடைக்கு உட்கார்ந்தால் விடாதீர்கள். கோழி முட்டை பொரிக்க 21 நாள் ஆகும். ஒரு தாளில் 21 கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். தினமும் ஒரு கட்டத்தில் குழந்தை புள்ளி வைக்கட்டும். "எத்தனை நாள் ஆச்சு? இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கேளுங்கள். கூட்டலும் கழித்தலும் இப்படித்தான் தொடங்கும்.

குஞ்சு வெளியே வந்ததும் அலகு நுனியைத் தூரத்தில் இருந்தே உற்றுப் பாருங்கள். சின்னதாக, கெட்டியாக ஒரு முனை இருக்கும். அதை முட்டைப் பல் என்பார்கள். அதை வைத்துத்தான் குஞ்சு ஓட்டை உடைக்கும். சில நாளில் அது விழுந்துவிடும்.

இங்கே உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அந்தத் தாளில் தினமும் ஒரு வரி எழுதுங்கள். "இன்று கோழி இரை தின்ன வெளியே வந்தது." "இன்று மழை. கோழி எழவே இல்லை." 21 நாளில் 21 வரி எழுதியிருப்பீர்கள். நீங்கள் கற்ற எழுத்தும் மறக்காது. குஞ்சு வந்த அன்று முதல் வரியில் இருந்து குழந்தைக்குப் படித்துக் காட்டுங்கள். அம்மா எழுதியதை அம்மாவே படிப்பதைக் குழந்தை பார்க்கட்டும்.

மற்ற விலங்குகளுக்கும் நாள் கணக்கு உண்டு. வாத்து முட்டை பொரிக்கச் சுமார் 28 நாள். நாயும் பூனையும் சுமார் இரண்டு மாதம் சினையாக இருக்கும். ஆடு சுமார் ஐந்து மாதம். பசு ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல்.

நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் பிறக்கும்போது கண் திறக்காது. ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் திறக்கும். ஆட்டுக்குட்டி கண் திறந்தே பிறக்கும். கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும். "ஏன் இப்படி?" என்று கேளுங்கள். காட்டில் வாழ்ந்த காலத்தில் ஆட்டைப் புலியும் நரியும் துரத்தின. பிறந்த உடனே ஓட வேண்டிய நிலை. நாயும் பூனையும் குட்டியை மறைவில் வைத்துக் காக்கும். இதைக் கதையாகச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு. "ஒரு நாய், இரண்டு கோழி. மொத்தம் எத்தனை கால்?" குழந்தை விரல் விட்டு எண்ணட்டும். எட்டு என்று வரும். அடுத்து ஒரு மீனையும் சேர்த்துக் கேளுங்கள். குழந்தை சிரிக்கும். மீனுக்குத்தான் காலே இல்லையே!

நான்காவது விளையாட்டு: ஒரு எழுத்தை மாற்று

பழைய கல்யாணப் பத்திரிகை, பழைய காலண்டர் அட்டை இருக்கும். அதைச் சின்னச் சின்ன அட்டையாக வெட்டுங்கள். ஒரு பக்கம் விலங்கின் படம். மறுபக்கம் பெயர். படம் அழகாக வர வேண்டும் என்பதில்லை. குழந்தையே வரையட்டும். பெயரை நீங்கள் எழுதுங்கள்.

முதலில் ஆடு. அதைப் படித்துக் காட்டுங்கள். பிறகு 'ஆ' என்ற எழுத்தை விரலால் மூடுங்கள். 'டு' மட்டும் தெரியும். அதற்கு முன்னால் 'மா' எழுதிய துண்டை வையுங்கள். மாடு ஆகிவிட்டது. 'வீ' வைத்தால் வீடு. 'கா' வைத்தால் காடு. 'நா' வைத்தால் நாடு. 'ஓ' வைத்தால் ஓடு.

ஒரே ஒரு 'டு' வைத்து ஆறு சொல் படித்துவிட்டோம். அதேபோல 'லி' வைத்து எலி, புலி. 'ன்' வைத்து மீன், மான். இது உங்களுக்கும் நல்ல பயிற்சி.

மூன்று, நான்கு வயதுக் குழந்தையை எழுதச் சொல்லி அடிக்கக் கூடாது. தட்டில் மணலைப் பரப்பி விரலால் கோடு இழுக்க விட்டால் போதும். அலுத்துப் போனால் விட்டுவிடுங்கள். நாளைக்கும் பொழுது இருக்கிறது.

ஐந்தாவது விளையாட்டு: தமிழில் இருந்து கன்னடத்துக்கு

இப்போது பெரிய கவலைக்கு வருவோம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். குழந்தை திணறுமே, என்ன செய்வது?

தமிழும் கன்னடமும் ஒரே குடும்பத்து மொழிகள். அக்கா தங்கை போல. நிறைய சொற்கள் ஒரே வேரில் இருந்து வந்தவை. விலங்குகளின் பெயரைப் பாருங்கள்.

நாய் – நாயி
மீன் – மீனு
ஆடு – ஆடு (மேகெ என்றும் சொல்வார்கள்)
எலி – இலி

இவை எளிது. மற்றவற்றுக்கு மூன்று வழி தெரிந்தால் போதும்.

முதல் வழி: நம்முடைய 'ழ' பல சொற்களில் அவர்களுக்கு 'ள'.
கோழி – கோளி
மழை – மளெ

இரண்டாவது வழி: நமக்குச் சொல்லின் கடைசியில் 'ஐ' ஒலி வந்தால் அவர்களுக்குப் பெரும்பாலும் 'எ' ஒலி.
யானை – ஆனெ
குதிரை – குதுரெ
முட்டை – மொட்டெ
எருமை – எம்மெ

மூன்றாவது வழி: நமக்குச் சொல்லின் முதலில் 'ப' வந்தால் அவர்களுக்குப் பல இடங்களில் 'ஹ'. ஹோட்டல் என்று எழுதும்போது வருகிற எழுத்துதான் இது.
பசு – ஹசு
பால் – ஹாலு
புலி – ஹுலி
பன்றி – ஹந்தி
பாம்பு – ஹாவு
பத்து – ஹத்து

குழந்தையோடு இதை விளையாட்டாகச் செய்யுங்கள். நீங்கள் "பால்" என்று சொல்லுங்கள். குழந்தை "ஹாலு" என்று சொல்லட்டும். நீங்கள் "புலி". குழந்தை "ஹுலி".

எல்லாச் சொல்லும் இந்த வழிக்கு வராது. பூனைக்குக் கன்னடத்தில் பெக்கு. பஸ் என்று சொல்லும்போது 'ப' எப்படி ஒலிக்கிறதோ அப்படிச் சொல்ல வேண்டும். பூனைக்குட்டி என்றால் பெக்கின மரி. இப்படிப்பட்ட சொற்களைப் பக்கத்து வீட்டுக் கன்னட அக்காவிடம் கேளுங்கள். அவர் சந்தோஷமாகச் சொல்வார்.

தெலுங்கு வீட்டிலும் உருது வீட்டிலும் கூடக் கேட்கலாம். நாய்க்குத் தெலுங்கில் குக்க, உருதுவில் குத்தா. பூனைக்கு இரண்டிலும் பில்லி. ஆனால் தெலுங்கில் பல் என்பதன் 'ப', உருதுவில் பஸ் என்பதன் 'ப'.

கோழிக்குஞ்சைக் கன்னடத்தில் எண்ணச் சொல்லுங்கள். ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது, ஆரு, ஏளு, எண்ட்டு, ஒம்பத்து, ஹத்து. ஏழு ஏளு ஆனதையும் பத்து ஹத்து ஆனதையும் பார்த்தீர்களா? முதல் வழியும் மூன்றாவது வழியும் இங்கேயும் வேலை செய்கின்றன.

இதற்காக வீட்டில் தமிழை விட வேண்டாம். அம்மா மொழியில் நன்றாகப் பேசும் குழந்தைக்கு இன்னொரு மொழி எளிதில் வரும். நாய் என்றால் என்ன என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். புதிய பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

கற்பிக்கும் முறையை நாயிடம் பாருங்கள்

அடுகோடியில் காவல் துறையின் ஆயுதப் படை வளாகம் இருக்கிறது. பெங்களூர் காவல் துறையின் மோப்ப நாய்களும் அங்கேதான் இருக்கின்றன. இப்படிப்பட்ட நாய்களைப் பழக்குகிறவர்கள் எப்படிப் பழக்குவார்கள் தெரியுமா?

ஒரு வேலைக்கு ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். ஒரு நாள் ஒன்று, மறுநாள் வேறு ஒன்று என்று மாற்ற மாட்டார்கள். பெரிய வேலையைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரிப்பார்கள். சரியாகச் செய்த உடனே தட்டிக்கொடுப்பார்கள். கொஞ்ச நேரம்தான் பழக்குவார்கள். அலுத்துப் போகும் முன்னால் நிறுத்திவிடுவார்கள்.

நாய்க்கே இத்தனை பொறுமை காட்டுகிறார்கள். நம் பிள்ளைக்கு அதைவிட அதிகமாகக் காட்ட வேண்டாமா? ஒரே பாடத்தை ஒரு மணி நேரம் திணிக்காதீர்கள். பத்து நிமிடம் போதும். சரியாகச் சொன்னால் உடனே பாராட்டுங்கள். தவறாகச் சொன்னால் திட்டாதீர்கள். இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் வளர்க்கும் பிராணிக்குத் தண்ணீர் வைக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. தட்டைக் கழுவுவது பெரியவர் வேலை. தண்ணீர் ஊற்றுவது குழந்தை வேலை. நேரமும் பொறுப்பும் இப்படிப் பழகும்.

கவனம்! இதை மறக்கக் கூடாது

விளையாட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சிறு குழந்தையையும் பிராணியையும் தனியாக விடக் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தெரு நாயைத் தூரத்தில் இருந்து பார்த்தால் போதும். தொட வேண்டாம்.

குழந்தைக்கு இவற்றைச் சொல்லிக் கொடுங்கள்:

சாப்பிடும் நாயைத் தொடாதே. தூங்கும் நாயை எழுப்பாதே. குட்டியோடு இருக்கும் நாயின் அருகே போகாதே. நாய் துரத்த வந்தால் ஓடாதே. மரம் போல அசையாமல் நில். நாயைத் தொட்டால், கோழியைத் தொட்டால், சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. கடித்தாலும் கீறினாலும் உடனே அம்மாவிடம் சொல். அம்மா திட்ட மாட்டேன்.

கடைசி வரிதான் மிக முக்கியம். திட்டுக்குப் பயந்து குழந்தை மறைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வெறிநோய் உள்ள நாய், பூனை கடித்தால் அந்த நோய் மனிதருக்கும் வரும். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது. ஆனால் கடித்த உடனே சரியாக நடந்துகொண்டால் நோய் வராமல் தடுக்க முடியும்.

என்ன செய்ய வேண்டும்?

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லாவிட்டால் சொம்பால் ஊற்றிக்கொண்டே இருங்கள். மிளகாய்ப் பொடி, மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப் பொடி எதையும் வைக்காதீர்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். எந்தெந்த நாளில் வரச் சொல்கிறார்களோ அந்த நாள் எல்லாம் போக வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது. சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடவும் கூடாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. அது பழைய கதை. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

இந்த ஊசிக்கு ஒரு வரலாறு உண்டு. 1885-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் என்ற அறிஞர், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இந்தச் சிகிச்சையைக் கொடுத்தார். சிறுவன் பிழைத்தான். தென்னிந்தியாவில் 1907-ஆம் ஆண்டு நீலகிரியில் உள்ள குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. அந்தக் காலத்தில் நாய்க்கடி பட்டவர்கள் ஊசிக்காகக் குன்னூர் வரை போனார்கள். இன்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

வீட்டில் நாய், பூனை வளர்த்தால் அதற்கும் தடுப்பூசி போடுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை போடுங்கள். தெரு நாய் சிலவற்றின் காதில் சின்ன வெட்டு இருக்கும். அது கருத்தடை செய்த நாய் என்பதற்கு அடையாளம். அந்தச் சமயத்தில் அதற்கு வெறிநோய் ஊசியும் போடுவார்கள். தெருவில் எத்தனை நாய்க்கு அந்த அடையாளம் இருக்கிறது என்று குழந்தையோடு தூரத்தில் இருந்து எண்ணலாம். ஆனால் அடையாளம் உள்ள நாய் கடித்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

கிளி வேண்டாம்

குழந்தை ஆசைப்படுகிறது என்று சிலர் பச்சைக் கிளியை வாங்கிக் கூண்டில் அடைப்பார்கள். இது சட்டப்படி குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளியைப் பிடிக்கவோ, விற்கவோ, வளர்க்கவோ கூடாது என்கிறது. நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டம்தான். கிளியை மரத்தில் பாருங்கள். எந்தக் காயைக் கொத்துகிறது, எந்தக் காலால் பிடிக்கிறது என்று பாருங்கள்.

காசு கொடுத்துப் பிராணி வாங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒண்டுக் குடித்தன வீட்டில் நமக்கே இடம் போதாது. வாசலுக்கு வரும் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்தால் போதும். பாடம் அங்கேயும் இருக்கிறது.

யோசித்துச் சொல்லுங்கள்

1. நாயின் தடத்தையும் பூனையின் தடத்தையும் எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்?
2. கோழி இன்று அடைக்கு உட்கார்ந்தால் குஞ்சு எந்தத் தேதியில் வரும்?
3. பல் என்பதைக் கன்னடத்தில் எப்படிச் சொல்வார்கள்? மூன்றாவது வழியைப் பயன்படுத்திச் சொல்லிப் பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டில் கேட்டுச் சரிபாருங்கள்.
4. நாய் கடித்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன? எத்தனை நிமிடம்?

செய்து பாருங்கள்

இன்று மாலை குழந்தையோடு வாசலில் பத்து நிமிடம் உட்காருங்கள். கண்ணில் படும் ஒரு பிராணியைப் பற்றிப் பேசுங்கள். குழந்தை சொன்னதில் ஒரு வரியை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். கீழே குழந்தையின் பெயரையும் தேதியையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாளைக்கு அதைக் குழந்தைக்குப் படித்துக் காட்டுங்கள்.